ஈ-டெஸ்ட் ஸ்டிரிப்: சிங்கப்பூரின் ஈரக்காற்றில் எவ்வளவு நம்பலாம்?

ரத்தக் கல்ச்சரில் கிளெப்சியெல்லா என்ற குடற்கிருமி வளர்ந்திருக்கிறது. தானியங்கி இயந்திரமோ மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக்கின் எம்ஐசி (கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்தளவு) ‘0.25 அல்லது அதற்கும் குறைவு’ என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. அந்தக் குறைவு எவ்வளவு என்று தெரிந்தே ஆகவேண்டிய நேரத்தில் கைகொடுப்பது ஈ-டெஸ்ட். சுவீடனின் ஏபி பயோடிஸ்க் உருவாக்கியது. இப்போது பயோமெரியு விற்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் பட்டை, மேல்பக்கம் அளவுகோல், அடிப்பக்கம் மருந்து. மெரோபெனம் பட்டையில் மில்லிலிட்டருக்கு 0.002 முதல் 32 மைக்ரோகிராம் வரை 15 இரட்டிப்புப் படிகள் இருக்கும்.

பொருள் நல்ல பொருள்தான். கெடுப்பது பெரும்பாலும் இங்குள்ள ஈரம். உறைபெட்டியிலிருந்து எடுத்த கையோடு உறையைக் கிழித்தால், குளிர்ந்த பட்டைமேல் காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியும். பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; இமிபெனம் போன்ற மென்மையான மருந்துகள் வீரியம் இழக்கும். உறையைப் பிரிக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்திருங்கள். மிச்சத்தை சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் போட்டு, உறையில் அச்சிட்டுள்ள வெப்பநிலையிலேயே திரும்ப வையுங்கள். கிருமி வளர்க்கும் முல்லர்-ஹின்டன் அகார் பிளேட்டுக்கும் இதே கதிதான்: மேற்பரப்பில் ஈரம் மினுமினுத்தால் மூடியைச் சற்றுத் திறந்து 10, 15 நிமிடம் உலரவிட வேண்டும்.

கிருமிக் கரைசல் 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கலை அளக்கும் அலகு) கலங்கலில் இருக்கட்டும். அதற்குமேல் அடர்த்தியானால் பீட்டா-லாக்டம் மருந்துகளுக்கு எம்ஐசி பொய்யாக ஏறும். ஸ்வாபை மூன்று திசையிலும் பூசி, பட்டையை அளவுகோல் தெரியும்படி வையுங்கள். மருந்துப் பக்கம் அகாரைத் தொட்டவுடனேயே மருந்து இறங்கத் தொடங்கிவிடும், அதன்பின் ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்தக் கூடாது. தலைகீழாக வைத்துவிட்டால் மட்டும் திருப்பி வைக்கலாம். மேல்பக்கத்தில் மருந்து கிடையாது. அடியில் காற்றுக் குமிழி தெரிந்தால் ஃபோர்செப்ஸ் நுனியால், குறைந்த அளவு முனையிலிருந்து மேல்நோக்கி மெல்ல அழுத்தி வெளியேற்றுங்கள்.

அதிகம் தவறுவது படிக்கும்போதுதான். 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம் வைத்ததும் கிருமி வளராத நீள்வட்டம் தெரியும். அது பட்டையைத் தொடும் இடமே எம்ஐசி. இருபுறமும் வேறு வேறு அளவில் தொட்டால் உயர்ந்ததை எடுங்கள். கோடு 1.5-இல் விழுந்தால் அடுத்த முழுப் படியான 2 என்றே எழுத வேண்டும். அமெரிக்கத் தரநிலை அமைப்பான சிஎல்எஸ்ஐயின் வரம்புப்படி குடற்கிருமிகளுக்கு மெரோபெனம் 1 வரை ‘எஸ்’ (மருந்துக்குக் கட்டுப்படும்), 2 ‘ஐ’ (இடைநிலை). மேலே ஏற்றாமல் கீழே இறக்கி எழுதினால் நோயாளியின் அறிக்கையே மாறிவிடும். வட்டத்துக்குள் சிறு சிறு காலனிகள் தென்பட்டால் அழுக்கு என்று ஒதுக்காதீர்கள். கொல்லும் வகை மருந்தில் அவை முழுவதும் மறையும் இடம்தான் கணக்கு. பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் புகைபோன்ற மெல்லிய வளர்ச்சி கண்ணில் படாது.

இன்னொரு பொறியும் உண்டு. மெரோபெனம் 0.5 என்று வந்தால் ‘எஸ்’தான், ஆனால் ஐரோப்பியத் தரநிலை அமைப்பான யூகாஸ்ட் சொல்லும் கார்பபெனமேஸ் (மெரோபெனம் போன்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதி) சந்தேக எல்லை 0.125. ஓஎக்ஸ்ஏ-48 வகை நொதி இப்படித்தான் சத்தமில்லாமல் ஒளிந்திருக்கும். அதைத் தாண்டியிருந்தால் நொதிச் சோதனைக்கு அனுப்பாமல் கோப்பை மூடக் கூடாது.

கனமழைக்குப் பின் இங்கு எப்போதும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய மெலியோய்டோசிஸ் (மண், நீர் வழியே தொற்றும் நோய்) கிருமிக்கு, கோ-டிரைமோக்சசோல் மருந்தைப் பொறுத்தவரை மருந்து தோய்த்த வட்டத் தாளான டிஸ்க்கைவிட இந்தப் பட்டையைத்தான் நம்புவோம். டிஸ்க்கில் மங்கலான ஓரத்தைப் பார்த்து இல்லாத எதிர்ப்பை இருப்பதாக எழுதிவிடும் ஆபத்து அதிகம். இங்கே முழுத் தெளிவைத் தேடாமல், வளர்ச்சி 80 சதவீதம் குறையும் இடத்தைப் படிக்க வேண்டும். வேலை முழுவதும் பாதுகாப்பு அலமாரிக்குள் நடக்கட்டும்.

வான்கோமைசினில் கவனம் தேவை. எம்ஆர்எஸ்ஏவுக்கு (மெதிசிலினுக்குக் கட்டுப்படாத ஸ்டஃபைலோகாக்கஸ்) இந்தப் பட்டை, திரவ ஊடகத்தில் மருந்தை நீர்த்துப் பார்க்கும் குழம்பு நீர்த்தல் முறையைவிட சற்றுக் கூடுதலாகக் காட்டும் போக்குடையது. 1-க்கும் 2-க்கும் நடுவே மருத்துவர் தடுமாறினால் எந்த முறையில் எடுத்தது என்று அறிக்கையில் குறிப்பிடுங்கள்.

புதிய லாட் (தயாரிப்புத் தொகுதி) வந்ததும் தரக்கட்டுப்பாட்டுக் கிருமியான ஏடிசிசி 25922 இ.கோலையை ஓட்டிப் பாருங்கள். மெரோபெனமுக்கு 0.008 முதல் 0.06 வரை வரவேண்டும். 0.12 வந்தால் முதலில் கரைசலின் அடர்த்தியைச் சரிபாருங்கள். அது சரியென்றால் வீரியம் இழந்த பட்டை என்று எடுத்துக்கொண்டு அந்தப் பெட்டியை ஒதுக்கிவிடுங்கள்.

கொலிஸ்டினுக்கு மட்டும் இதை வாங்காதீர்கள். அந்தப் பெரிய மூலக்கூறு அகாரில் சரியாகப் பரவுவதில்லை. எதிர்ப்புள்ள கிருமியையும் எதிர்ப்பில்லாதது என்று காட்டிவிடும். அதற்குக் குழம்பு நுண்நீர்த்தல்தான் வழி, நேரம் பிடித்தாலும்.