செகண்ட் ஹேண்ட் ட்வின் டர்போப்ராப்: கிங் ஏரா, எம்யூ-2வா, கான்குவெஸ்ட்டா?

அமெரிக்காவுல பழைய ட்வின் டர்போப்ராப் (ரெண்டு டர்பைன் இன்ஜின் ப்ரொப்பல்லரைச் சுத்துற சின்ன ப்ளைட்) தேடுறவங்க பெரும்பாலும் இந்த மூணையும் வச்சுத்தான் மண்டைய உடைச்சுக்குவாங்க: பீச்கிராப்ட் கிங் ஏர் பி200, மிட்சுபிஷி எம்யூ-2, செஸ்னா கான்குவெஸ்ட் 2. மூணுக்குமே கிளம்பும்போது இருக்கக்கூடிய அதிகபட்ச எடை 12,500 பவுண்டைத் தாண்டாது, அதனால அந்த ஊரு ரூல்படி பைலட்டுக்கு தனி டைப் ரேட்டிங் (அந்த ஒரு மாடலை ஓட்டுறதுக்குன்னே வாங்குற தகுதி) வேண்டாம். எம்யூ-2க்கு மட்டும் வேற கதை இருக்கு, வர்றேன்.

வித்தியாசம் இன்ஜின்லயே ஆரம்பிச்சிடுது. பி200ல 850 குதிரைசக்தி பிடி6 ரெண்டு, மத்த ரெண்டுலயும் காரெட் டிபிஇ331. பிடி6ல ப்ரொப்பல்லரைச் சுத்துற டர்பைனுக்கும் காத்தை அமுக்குற பகுதிக்கும் நேரடி ஷாஃப்ட் கிடையாது, அதனால ஸ்டார்ட் பண்றது அலுங்காம நடக்கும். காரெட்ல எல்லாம் ஒரே ஷாஃப்ட், பவர் கேட்ட உடனே கைக்கு வரும், பெட்ரோலும், சாரி, ஜெட் ஃப்யூலும் கம்மியாத்தான் குடிக்கும், ஆனா தரையில நிக்கும்போது போடுற சத்தம் காதைக் கிழிச்சிடும், ஆஃப் பண்ணினதும் ஷாஃப்ட் வளையாம இருக்க ஆளு போய் ப்ரொப்பல்லரைக் கையால சுத்தி விடணும்.

எம்யூ-2 மூணுலயும் மலிவு, வேகமும் நல்லா இருக்கு, 300 நாட் (மணிக்கு சுமார் 555 கி.மீ.) ஒட்டிப் போற மாடலும் உண்டு. ரெக்கை ரொம்பச் சின்னது, ஃப்ளாப் (மெதுவா இறங்க, ஏற உதவுற ரெக்கையோட பின்பக்க மடிப்பு) ரெக்கை நீளம் முழுக்க இருக்கு, அதனால ப்ளைட்டைச் சாய்க்கிற எய்லரானுக்கு இடமே இல்ல, திரும்புறதுக்கு ரெக்கை மேல எழும்புற ஸ்பாய்லர் தகடுதான். ஒரு இன்ஜின் போச்சுன்னா மத்த ப்ளைட்ல பழகின மாதிரி கைப்பிடியைத் திருப்பினா ஸ்பாய்லர் எழும்பி, ப்ளைட்டைத் தூக்கிப் பிடிக்கிற லிஃப்ட்டையும் தின்னுடும், வால்ல இருக்குற ரட்டரும், நேராப் பறக்கச் சரிக்கட்டுற ட்ரிம்மும்தான் காப்பாத்தும். இது தெரியாம ஓட்டி நிறைய பேரு விழுந்தாங்க. 2008ல எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) இந்த ப்ளைட்டுக்குன்னே தனி ட்ரெயினிங் கட்டாயம்னு ரூல் போட்டதுக்கு அப்புறம் விபத்து நல்லாவே குறைஞ்சுது, ஆக கோளாறு ப்ளைட்ல இல்ல, பழக்கத்துல. வருஷா வருஷம் ட்ரெயினிங்குக்கு உக்கார நேரம் இல்லாதவங்க இந்தப் பக்கமே வரவேண்டாம். தயாரிப்பு 1986லயே நின்னுபோச்சுங்கறதையும் சேர்த்து யோசிங்க.

கான்குவெஸ்ட்டும் 1986ஓட முடிஞ்சுது, 362தான் செஞ்சாங்க. 35,000 அடி ஏறும், நெடுந்தூரத்துக்கு எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், ஆனா வயசான உடம்புக்குன்னே செஸ்னா எழுதி வச்ச கூடுதல் இன்ஸ்பெக்‌ஷன் லிஸ்ட் இருக்கு, அது முடிஞ்சிருக்கான்னு லாக்புக்ல பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

பி200 விலை கூட, வேகத்துல பெருசா மெச்சிக்க ஒண்ணுமில்ல. ஆனா கேபின் தாராளம், எந்த ஊருல இறங்கினாலும் கை வைக்கத் தெரிஞ்ச மெக்கானிக் இருப்பான், விக்கப் போனாலும் வாங்க ஆளு நிப்பாங்க. செலவுதான் காலண்டரைப் பாத்து வரும்: பறக்காம ஷெட்லயே நின்னாலும் லேண்டிங் கியர் (சக்கரத் தொகுதி) ஓவர்ஹால் 6 வருஷத்துக்கு ஒருக்கா, ரெக்கை போல்ட் செக் 5 வருஷத்துக்கு ஒருக்கா. இன்ஜின் ஓவர்ஹால் 3,600 மணி நேரத்துல, நடுவுல 1,800ல ஹாட் செக்‌ஷன், அதாவது இன்ஜினோட சூடான உள்பகுதியைத் திறந்து பாக்குறது. சொந்த உபயோகத்துக்கு 3,600 தாண்டியும் ஓட்டலாம், அமெரிக்க சட்டம் தடுக்காது, ஆனா 3,500 ஓடின இன்ஜினோட மலிவா வர்ற பி200 ஆனை வாங்கிட்டு அங்குசத்துக்கு முழிக்கிற கதைதான், ஒரு இன்ஜின் ஓவர்ஹாலே லட்சக்கணக்குல டாலரை முழுங்கிடும்.

நடுவுல யாராவது பியாஜியோ அவாண்டின்னு ஆசை காட்டுவாங்க, 400 நாட் பறக்கும், பாக்கவே ஆளை மயக்கும், ஆனா பார்ட்ஸ் கிடைக்குமா, பக்கத்துல தெரிஞ்ச மெக்கானிக் இருக்கானான்னு முதல்ல கேளுங்க. கம்பெனியே 2018ல இருந்து வருஷக்கணக்கா அரசு நிர்வாகியோட கையில கிடந்துச்சு.

என் கையில காசு இருந்தா ஓவர்ஹால் கெடுவுல பாதிதான் ஓடின இன்ஜினோட, கியர் ஓவர்ஹால் புதுசா முடிச்ச பி200தான் எடுப்பேன். நானே பைலட்டா இருந்து, தனியா தூரம் போறவனா இருந்தா மட்டும் கான்குவெஸ்ட்.