மாஸ்டடான்: சேரும் முன் சர்வரைப் பாருங்கள்

விளம்பரம் போட மாட்டோம், பயனர் தகவலை விற்க மாட்டோம் என்று 2014-இல் ‘எல்லோ’ (Ello) என்ற சமூக வலைத்தளம் எழுதியே கொடுத்தது. அதைச் சட்டப்படி உறுதியாக்க நிறுவனத்தின் வடிவத்தையும் மாற்றினார்கள். வென்ச்சர் முதலீடும் வாங்கினார்கள். பிறகு கை மாறி, 2023-இல் தளமே மறைந்தது. கொள்கை அறிக்கையை யாரும் எழுதலாம். சர்வர் வாடகையை யார் கட்டுகிறார்கள் என்று பார்த்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ட்விட்டர் போன்ற இன்னொரு தளமான ப்ளூஸ்கை விஷயத்தில் உறுத்துவதும் இதுதான். பயன்படுத்த வழவழவென்று இருக்கிறது. ஆனால் 2024-இல் ப்ளாக்செயின் கேப்பிடல் என்ற முதலீட்டு நிறுவனத்தின் தலைமையில் 1.5 கோடி டாலர் முதலீடு வந்தது, பெரும்பாலான கணக்குகளும் ப்ளூஸ்கை நிறுவனத்தின் சர்வர்களில்தான் இருக்கின்றன.

ட்விட்டர் போன்ற சமூக ஊடக மென்பொருளான மாஸ்டடானை 2016-இல் ஜெர்மனியில் யூஜென் ரோச்கோ தொடங்கினார். மின்னஞ்சல் போலத்தான்: ஆயிரக்கணக்கான சர்வர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாகி, எல்லாம் ஆக்டிவிட்டிபப் என்ற பொது நெறிமுறையில் ஒன்றோடொன்று பேசும். நீங்கள் பின்தொடர்பவர்களின் பதிவுகள் நேர வரிசையில் வரும், நடுவில் விளம்பரம் நுழையாது. தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு சின்னச் சந்தோஷமும் உண்டு. 500 எழுத்து வரம்பில் உயிர்மெய்யை ஒரே எழுத்தாக எண்ணுகிறது. ‘தமிழ்’ என்றால் 3. எக்ஸில் (பழைய ட்விட்டர்) இகரக் குறியையும் புள்ளியையும் தனியாக எண்ணி 5 ஆக்கிவிடுவார்கள்.

ஆனால் மென்பொருள் நல்லது என்பதால் அதில் ஓடும் தளமும் நல்லதாகிவிடாது. தீவிர வலதுசாரிகள் கூடும் ‘காப்’ (Gab) தளம் 2019-இல் இதே மென்பொருளுக்கு மாறியது. டிரம்ப்பின் ட்ரூத் சோஷியலும் இதை எடுத்துத்தான் கட்டப்பட்டது. ஆகவே சர்வரின் அறிமுகப் பக்கத்தைப் படிக்காமல் சேராதீர்கள். நடத்துபவர் யார், விதிகள் என்ன, எந்தச் சர்வர்களைத் தடுத்திருக்கிறார்கள், செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மாஸ்டடானின் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இடம்பெற ஒரு சர்வர் நான்கு உறுதிகள் தர வேண்டும்: வெறுப்புப் பேச்சை நீக்குவது, தினசரி பேக்கப், அவசரத்துக்கு இன்னொருவர் கையிலும் சாவி, மூடுவதென்றால் 3 மாத முன்னறிவிப்பு. புதியவர்களுக்கு இந்தப் பட்டியலில் தொடங்குவதே உத்தமம்.

சர்வர் பிடிக்காவிட்டால் மாறலாம் என்பார்கள். உண்மைதான், ஆனால் பாதிதான். முதலில் புதிய கணக்கின் செட்டிங்ஸில் பழைய முகவரியை மாற்றுப்பெயராகச் சேர்க்க வேண்டும். பிறகு பழைய கணக்கில் நுழைந்து, புதிய முகவரியும் பாஸ்வேர்டும் கொடுத்து மாற்றத்தைத் தொடங்க வேண்டும். ஃபாலோயர்கள் தானாக வந்துவிடுவார்கள். நீங்கள் பின்தொடர்பவர்களின் பட்டியலைச் சிஎஸ்வி கோப்பாக இறக்கி, புதிய இடத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பழைய பதிவுகள் வராது. 7 நாளுக்கு ஒருமுறை முழுத் தொகுப்பையும் இறக்கிக்கொள்ளலாம், ஆனால் அதைப் புதிய சர்வரில் ஏற்ற வழியில்லை. இந்த விஷயத்தில் ப்ளூஸ்கையின் வடிவமைப்பு ஒரு படி மேல். அங்கே பதிவுகளையும் கூட எடுத்துப்போகலாம். இன்னொன்று, பழைய சர்வர் உயிரோடு இருந்தால்தான் ஃபாலோயர்கள் நகர்வார்கள். நிர்வாகி சொல்லாமல் கொள்ளாமல் சர்வரை அணைத்துவிட்டால் அவர்களைத் திரும்பத் தேடிப் பிடிக்க வேண்டியதுதான்.

தனிச்செய்தியை நம்பி ரகசியம் பேசாதீர்கள். அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிகிற முழுமறையாக்கம் கிடையாது, நிர்வாகி நினைத்தால் படிக்கலாம். இன்னும் வில்லங்கமானது ஒன்று: தனிச்செய்திக்குள் மூன்றாம் ஆளின் பெயரை @ குறியோடு எழுதினால், அந்தச் செய்தி அவருக்கும் போய்விடும். அவரைப் பற்றிப் புறம் பேசியிருந்தால் கதை கந்தல்.

2019 நவம்பரில், வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டதை ஒட்டி இந்தியர்கள் பலர் இங்கே வந்தார்கள். அந்த அலை நீடிக்கவில்லை. வந்தவர்களுக்குப் புதுப் பதிவுகளைத் தேடிக் காட்ட அல்காரிதம் இல்லாததும் ஒரு காரணம் என்றுதான் தோன்றுகிறது. உங்கள் சர்வரில் உள்ளவர்கள் பின்தொடரும் ஆட்களின் பதிவுகள்தான் பெரும்பாலும் அந்தச் சர்வருக்கே வந்து சேரும். சின்னச் சர்வரில் #தமிழ் என்று தேடினால் காலியாகக் கிடப்பது அதனால்தான். பெரிய சர்வரின் பொதுப் பக்கத்தைப் பிரவுசரில் திறந்து, அங்கே கிடைக்கும் தமிழ் முகவரிகளை முழுதாக நகலெடுத்து உங்கள் தேடல் பெட்டியில் ஒட்டிப் பின்தொடருங்கள். முப்பது நாற்பது பேர் சேர்ந்தால் முகப்பு நிரம்பும். பதிவின் மொழியைத் தமிழ் என்று மாற்றிவைக்கவும் மறக்காதீர்கள். ஆங்கிலம் என்றே விட்டால், பொதுப் பக்கத்தில் தமிழை மட்டும் வடிகட்டிப் பார்ப்பவர் கண்ணில் நீங்கள் படவே மாட்டீர்கள்.