மாப்பிள்ளை பேச எழும்பும்போது கையில் என்ன இருக்க வேண்டும்?

ரொறன்ரோவிலும் லண்டனிலும் நம்மவர் கல்யாண வரவேற்புகளில் மாப்பிள்ளை மைக் பிடித்துப் பேசுவது பழகிப்போன விஷயம். காலையில் ஐயர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னவர், மாலையில் கோட் சூட்டோடு நாலைந்து நிமிடம் சொந்தமாகப் பேசியாக வேண்டும். வழக்கம் ஆங்கிலேயருடையது. அங்கே முதலில் பெண்ணின் அப்பா, அடுத்து மாப்பிள்ளை, கடைசியில் தோழன். மாமனாருக்கு நன்றி சொல்லி, மணப்பெண்ணின் தோழிகளை வாழ்த்திச் சபையைக் கிண்ணத்தை உயர்த்திக் குடிக்கச் சொல்லி முடிப்பது மாப்பிள்ளையின் கடமை. தோழிகள் சார்பில் பதில் சொல்ல எழும்பி மாப்பிள்ளையின் மானத்தை வாங்குவது தோழனின் கடமை. நம் மண்டபங்களில் கிண்ணம் பெரும்பாலும் கழன்றுவிட்டது, நன்றிப் பட்டியல் நீண்டுவிட்டது.

எழுதிக்கொண்டு போவதா, மனப்பாடமா, போனா என்று கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மைக் ஒரு கையை எடுத்துக்கொள்ளும். மிச்சம் ஒரு கைதான். பாதி முடிவை அதுவே எடுத்துவிடும்.

முழுப் பேச்சையும் ஏ4 தாளில் அச்சடித்துக்கொண்டு போவதில் இரண்டு லாபம்: ஒருவர் பெயரும் விடுபடாது, எத்தனை நிமிடம் என்று முன்பே தெரியும். ஆனால் ஒற்றைக் கையில் தாள் மடங்கி விழும். விரலில் இருக்கும் சின்ன நடுக்கம் தாளின் மேல் விளிம்புக்குப் போகும்போது கடைசி மேசைக்கும் தெரியும். இரண்டாம் பக்கம் புரட்ட மைக்கைக் கக்கத்தில் இடுக்கினால் ஸ்பீக்கரில் கரகரவென்று ஒரு சத்தம். மேடையில் தாள் வைக்க ஒரு தாங்கி கிடைத்தால் இந்தக் குறை பாதி போய்விடும். பார்வை தாளிலேயே ஒட்டிக்கிடக்கும் குறை போகாது.

மனப்பாடம் இதற்கு நேர் எதிர். கைகள் சுதந்திரம், கண் சபையில். நடுவில் ஒரு குழந்தை வீரிட்டு, ஒரு வரி நழுவினால் அதற்குப் பின்னால் கோத்தது எல்லாம் நழுவும். முதல் இரண்டு வரியும் கடைசி இரண்டு வரியும் மட்டும் மனப்பாடம் என்றால் நான் ஆதரவு. எதுவுமே தயாரிக்காமல் மனதில் வருவதைப் பேசுவேன் என்பவர் சித்தப்பாவின் பெயரை விட்டுவிட்டுப் பத்து வருடம் கேட்டுக்கொண்டிருக்கத் தயாராக இருக்கட்டும்.

இப்போது அதிகம் பார்ப்பது போன். எனக்கு இதுதான் கடைசித் தெரிவு. கண்ணைத் தூக்கிச் சபையைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் குனிந்தால் திரை அணைந்திருக்கும். கட்டைவிரல் சற்றே பட்டால் மாமிக்கு நன்றி சொல்ல வேண்டிய இடம் எங்கேயோ மேலே ஓடியிருக்கும். கொழும்பிலிருந்து வரும் வாழ்த்துச் செய்தி பேச்சின் மேல் வந்து உட்காரும். ஆல்பத்தில் பார்த்தால் மாப்பிள்ளை மெசேஜ் வாசித்துக்கொண்டு நிற்பது போலத்தான் இருக்கும். விமானப் பயன்முறைக்கு மாற்றி, திரை தானாக அணைவதையும் நிறுத்தி வைத்தால் ஆபத்துக்கு உதவும், அவ்வளவுதான்.

என் ஓட்டு சின்ன அட்டைகளுக்கு. உள்ளங்கையில் அடங்கும் ஐந்தாறு அட்டை, மூலையில் துளையிட்டு நூல் கோத்து, எண் போட்டது. விழுந்தாலும் வரிசை கலையாது. ஒரு அட்டைக்கு ஒரு விஷயம். பெயர்களை மட்டும் முழுதாக எழுதுங்கள். மற்றதெல்லாம் குறிப்பு: ‘மாமா – பனி – கார் சாவி’ என்றால், முதல் தடவை வீட்டுக்குப் போன இரவில் பனியைப் பார்த்துவிட்டு மாமா சாவியைப் பறித்து வைத்துக்கொண்ட கதை தானாக வாயில் வரும். வாசிக்கும் குரல் வேறு, கதை சொல்லும் குரல் வேறு என்பது அப்போது விளங்கும்.

அடுத்த சண்டை மொழி. அம்மம்மாவுக்கு ஆங்கிலம் புரியாது, வேலைத்தள நண்பர்களுக்குத் தமிழ் புரியாது. எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னால் ஐந்து நிமிடம் பத்தாகும், எந்நேரமும் அரை மண்டபம் சும்மா இருக்கும். அதைவிட ஆளுக்கேற்ற மொழியில் பிரிப்பது மேல்: பெற்றோருக்கும் மாமா மாமிக்கும் தமிழில், நண்பர்களுக்கு ஆங்கிலத்தில், மனைவிக்கு இருவரும் வீட்டில் எப்படிப் பேசுகிறீர்களோ அப்படியே. தமிழ் எழுத்து வாசிக்க வராத பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் எழுதி வைத்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் யாரோ எழுதிக் கொடுத்த மேடைத் தமிழ் வேண்டாம். ‘எங்கட அம்மா’ என்று பழகிய வாயில் ‘என் அன்னையார்’ ஒட்டாது.

நேரத்துக்கு: ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்குச் சுமார் 130 சொல் போகும். தமிழில் சொற்கள் நீளம், எண்ணிக்கை குறையும். அதனால் சொல்லை எண்ணாமல், எழும்பி நின்று உரக்கப் பேசிக் கடிகாரம் பாருங்கள். கையில் மைக்குக்குப் பதில் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருக்கட்டும்.

வேட்டியோடு மேடையேறுபவருக்குப் பை இருக்காது. அட்டைக் கட்டைத் தோழனிடம் கொடுத்து வையுங்கள். தோழனும் வேட்டி என்றால் தங்கையின் கைப்பைக்குள்.