கல்லடிக் காலை நடை: பூ பார்க்கப் போகலாமா?

போகலாம். மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரையில் வழிகாட்டியோடு போகும் நடை இது. ஆனால், ஆறரைக்கே தொடங்கும் குழுவோடு போங்கள். அடம்பன் பூ காலையில் விரிந்து பின்னேரத்துக்குள் வாடிவிடும். ஒன்பது மணிக்குத் தொடங்கினால் மணல் சுடும், படமும் வெளிறும். இராவணன் மீசை என்ற கடற்கரைப் புல்லின் முள் றபர் சிலிப்பரைத் தாண்டிக் குத்தும். மூடிய சப்பாத்துத்தான் சரி.

இந்த நடையின் உயிர், மட்டக்களப்பின் பெயரையே தாங்கிய ஓர்க்கிட். மரக்கிளையிலிருந்து நரிவால்போல் தொங்கும் கொத்து. வெள்ளை இதழில் ஊதாப் புள்ளிகள். அதன் தடித்த வேரைக் கிட்டப் பாருங்கள்: காய்ந்தால் வெள்ளி நிறம், நனைந்தால் பச்சை. மரத்தைப் பற்றித்தான் நிற்கிறதே தவிர, அதன் சாற்றை உறிஞ்சுவதில்லை. வழிகாட்டி இதைப் பொறுமையாக விளக்கியது அருமை. வீட்டில் வளர்க்கவென்று தயவுசெய்து பிடுங்காதீர்கள். பட்டையோடு ஒட்டிய வேர் அறுந்து, பெரும்பாலும் செடி பட்டுப்போகும்.

குறை ஒன்று: பன்னிரண்டு பேர் அதிகம். ஒரு கொத்தைச் சுற்றி எல்லோரும் நின்றால் கீழே முளைத்தவை மிதிபடுகின்றன. ஆறு பேர் போதும். உயரக் கிளைக்குத் தொலைநோக்கி வேண்டும், அங்கே தரமாட்டார்கள்.

கார்த்திகைப்பூவுக்கு மாரியில்தான் வரவேண்டும். அதன் கிழங்கு கடும் நஞ்சு, பிள்ளைகளைத் தோண்ட விடாதீர்கள்.