போதனா வைத்தியசாலையா, ஆதார வைத்தியசாலையா: எந்த ஒப்பரேசன் எங்கே நடந்தால் நல்லது?

சிகிச்சைக்குப் பணம் வாங்கும் நாடுகளில் ஓர் ஆஸ்பத்திரியின் வருமானத்தில் பெரும் பங்கு ஒப்பரேசன் தியேட்டரிலிருந்துதான் வருகிறது. சத்திரசிகிச்சையால் என்ன கிடைத்தது என்று அங்கே பில்லைப் பார்த்தே சொல்லிவிடலாம். அரச வைத்தியசாலைக் கட்டணங்களை 1951இல் நீக்கிய இலங்கையில் கணக்கு வேறு. நோயாளி எத்தனை நாள் கட்டிலில் கிடந்தார், திகதிக்காக எவ்வளவு காலம் காத்திருந்தார், கூட நின்றவருக்கு எத்தனை நாள் கூலி போனது, ட்ரான்ஸ்பர் பண்ண அம்புலன்சும் தாதியும் எவ்வளவு நேரம் வெளியே போனார்கள் என்பதெல்லாம்தான் இங்கே செலவு. இவற்றைக் குறைக்கிற சத்திரசிகிச்சைப் பிரிவுதான் வைத்தியசாலைக்கு லாபம்.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்துக்கு இரண்டு வழிகளை வைத்துப் பார்க்கலாம். ஒன்று, சத்திரசிகிச்சைகளை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் குவிப்பது. மற்றது, வாழைச்சேனை, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று போன்ற இடங்களின் ஆதார வைத்தியசாலைகளில், அதாவது போதனாவைவிடச் சிறிய, ஊருக்குக் கிட்ட இருக்கும் அரச வைத்தியசாலைகளில், தியேட்டர்களை வாரம் முழுக்க ஓட விடுவது.

குவிப்பதற்கு நல்ல நியாயம் உண்டு. பல துறை நிபுணர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவு, இரத்த வங்கி, கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் எல்லாம் ஒரே வளவில் இருக்கிறார்கள். ஒரு சிக்கல் வந்தால் பக்கத்து விடுதியிலிருந்து இன்னொரு நிபுணரைக் கூப்பிடலாம். திரும்பத் திரும்பச் செய்கிற கை தேர்ந்த கையாகிறது என்பதும் உண்மை. ஆனால் எல்லா ஒப்பரேசனுக்கும் அது ஒரே அளவில் பொருந்தாது. 1979இல் லஃப்ட், பங்கர், என்தோவன் ஆகியோர் அமெரிக்க வைத்தியசாலைகளை ஆராய்ந்தபோது, திறந்த இதய சத்திரசிகிச்சை, இரத்தக்குழாய் சத்திரசிகிச்சை போன்றவற்றை ஆண்டுக்கு 200க்கு மேல் செய்த இடங்களில் இறப்பு வீதம் 25 முதல் 41 சதவீதம் குறைவாக இருந்தது. பித்தப்பையை அகற்றும் சத்திரசிகிச்சையில் அப்படி ஒரு தொடர்பும் தெரியவில்லை. இந்த வேறுபாட்டை வைத்தே நம் கேள்விக்குப் பாதி விடை சொல்லலாம்.

மீதிப் பாதி, அன்றன்றைக்கு யாருக்கு ஒப்பரேசன் என்று போடும் லிஸ்டில் இருக்கிறது. பெரிய வைத்தியசாலையில் ஹெர்னியா (குடலிறக்கம்) உள்ளவரும் இரவு விபத்தில் அடிபட்டு வந்தவரும் ஒரே தியேட்டருக்கும் ஒரே மயக்க மருந்து நிபுணருக்கும் போட்டி போட வேண்டி வரும். அவசரம் முந்துவதுதான் நியாயம். அப்புறம் காலை லிஸ்டில் கடைசியில் இருந்தவருக்கு "இன்றைக்கு இல்லை" என்று சொல்வார்கள். அவர் வெள்ளாவெளியிலோ கொக்கட்டிச்சோலையிலோ இருந்து வந்திருப்பார். வயல் வேலையைப் பாதியில் விட்டு, முந்தின நாளே வந்து, இரவு முழுக்கச் சாப்பிடாமல் இருந்திருப்பார். நீரிழிவு இருந்தால் அந்தப் பட்டினியே ஒரு தொல்லை. ஒரு லிஸ்ட் தள்ளிப் போனால் ஒரு கட்டில் வீணாகிறது, செய்த இரத்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டி வருகிறது, நோயாளிக்கும் நம்பிக்கை போகிறது. அடுத்த திகதிக்கு வராமலே விட்டவர் பிறகு குடல் சிக்கி அவசரமாக வந்தால், சின்ன ஒப்பரேசன் பெரிய ஒப்பரேசனாகிவிடும். கட்டில் நாட்களும் கூடும், உயிர் ஆபத்தும் கூடும்.

ஆதார வைத்தியசாலையில் இந்தப் போட்டி குறைவு. அங்கே தட்டுப்பாடு வேறு. கட்டடம் திறப்பது சுலபம். அதற்குள் மயக்க மருந்து நிபுணர், தியேட்டர் பழகிய தாதியர், கருவிகளைக் கிருமி நீக்கும் வசதி, கேட்டவுடன் கிடைக்கும் இரத்தம் எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் தியேட்டர் ஓடும். ஒரே ஒரு மயக்க மருந்து நிபுணர் லீவில் போனால், சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தும் கதவு பூட்டித்தான் கிடக்கும். ஆதார வைத்தியசாலைகளுக்கு எதிரான மிக வலுவான வாதம் இதுதான். அதைத் தட்டிக் கழிக்க முடியாது.

ஆனாலும் தூரம் இருக்கிறதே. 2015இல் வெளியான லான்செட் உலக சத்திரசிகிச்சை ஆணைக்குழுவின் அறிக்கை சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சை, தோல் கிழிந்த எலும்பு முறிவுக்கான சிகிச்சை ஆகிய மூன்றும் இரண்டு மணி நேரத்துக்குள் எட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்றது. பொத்துவிலிலிருந்து மட்டக்களப்பு 100 கிலோமீட்டருக்கு மேல். வாகனம் பிடிக்கும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால், வழியில் அக்கரைப்பற்றோ கல்முனையோ இரவிலும் இயங்காவிட்டால் அந்த இரண்டு மணி நேரம் கடுமையான பந்தயம்.

கல்முனையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் ஒரே நகரத்தில் கிட்டக் கிட்ட இருக்கின்றன. இரண்டும் எல்லாவற்றையும் தனித்தனியே செய்வதைவிட, திட்டமிட்ட ஒப்பரேசன்களைத் துறைவாரியாகப் பிரித்து, இரவுக் கடமையைப் பங்கிட்டால் இரண்டையும் நம்பியிருக்கும் எல்லாருக்கும் லாபம். நோயாளிக்கு வேண்டியது திறந்திருக்கும் தியேட்டர்.

ஒரே வகை ஒப்பரேசனை ஒரே இடத்தில் நிறையச் செய்வதன் பலனை மதுரை அரவிந்த் கண் வைத்தியசாலை காட்டியிருக்கிறது. 1976இல் 11 கட்டில்களோடு தொடங்கியது. ஆயத்த வேலைகளைப் பயிற்சி பெற்ற பெண்கள் பார்க்க, டொக்டர் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குத் திரும்புகிறார். நம் ஆதார வைத்தியசாலை ஒன்று ஹெர்னியாவை, இன்னொன்று கண் ஒப்பரேசனை அப்படி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பும் முறையை அப்படியே மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குக் கொண்டுவரக் கூடாது. இருட்டினால் வாகனம் கிடைக்காத ஊருக்குப் போகிறவரை ஓர் இரவு வைத்திருப்பதே சரி.

தனியார் வைத்தியசாலையில் திகதி சீக்கிரம் கிடைக்கும். பணம் உள்ளவருக்கு அது உதவும். மாவட்டத்தின் காத்திருப்புக்கு அது தீர்வில்லை.

என் தேர்வு இது. பெரிய விபத்து, புற்றுநோய், தீவிர சிகிச்சைக் கட்டில் தேவைப்படும் எதுவும் போதனாவுக்கு. ஹெர்னியா, குடல்வால், பித்தப்பைக் கல், சிசேரியன் ஆதாரத்துக்கு. எல்லாவற்றுக்கும் முன்னால் நீரிழிவுக் கால் புண்ணை ஆதாரத்துக்குக் கொடுப்பேன். அழுகியதை வெட்டிச் சுத்தம் செய்வது, மருந்து கட்டுவது, மறுபடி பார்ப்பது என்று வாரக் கணக்கில் போகும் வைத்தியம் அது. பஸ் காசுக்கும் துணைக்கு ஆளுக்கும் யோசித்துப் பிந்தி வருகிறவர் விரலோடு போக வேண்டியதைக் காலோடு இழக்கிறார். இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. யாராவது லீவில் போகும்போது ஆதார வைத்தியசாலைகளுக்கு மாறி மாறிப் போக ஒரு பதில் மயக்க மருந்து நிபுணரை மாவட்டத்துக்கு நியமித்தால், பூட்டிக் கிடக்கும் நாட்களில் பெரும்பாலானவற்றைத் திறந்துவிடலாம்.