பழைய டிவி கேமை இன்று எதில் ஆடுவது: ஃபேமிகாம், நகல் பெட்டி, மினி, எமுலேட்டர், எஃப்பிஜிஏ

தொண்ணூறுகளில் நம் வீடுகளில் 'வீடியோ கேம்' என்று இருந்தது பெரும்பாலும் ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் செய்த பெட்டி அல்ல. 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் 14,800 யென்னுக்கு வெளிவந்த அந்த நிறுவனத்தின் ஃபேமிகாம் என்ற பெட்டியின் நகல்கள்தான் மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்களில் இங்கே விற்றன. பெயரே இல்லாமலும் விற்றன. கூடவே ஒரு மஞ்சள் கேசட், அதன் மேல் '9999 இன் 1' என்று எழுதியிருக்கும். உள்ளே மாரியோ, கான்ட்ரா, டேங்க், சர்க்கஸ், வாத்து சுடும் ஆட்டம் என்று கொஞ்சம் ஆட்டங்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

அந்த ஆட்டங்களை மறுபடி ஆட ஆசைப்படுபவருக்கு இன்று நல்ல வழிகள் ஐந்து இருக்கின்றன. ஐந்திலும் மாரியோ ஓடுவார், ஆனால் ஒரே மாதிரி ஓட மாட்டார். எது ஒரிஜினல் என்பதைவிட, எது நாம் ஆடியதற்குப் பக்கத்தில் வருகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். இந்த அலசல் முழுக்க அந்தக் கணக்கில்தான் போகும்.

முதலில் வேகம்

ஜப்பான், அமெரிக்க டிவி நொடிக்கு 60 படம் காட்டும். இந்தியாவின் பால் (PAL) முறை டிவி 50 படம்தான் காட்டும். அந்தக் கால ஆட்டங்கள் நேரத்தை அளப்பதே படக் கணக்கில்தான். ஒவ்வொரு படத்துக்கும் மாரியோ இவ்வளவு நகர வேண்டும், பாட்டு இவ்வளவு முன்னேற வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அந்த ஜப்பானியக் கேசட்டின் நகலை 50 பட டிவிக்காகச் செய்த பெட்டியில் போட்டால் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். மாரியோவின் முதல் கட்டத்தில் 400ல் தொடங்கிக் குறையும் நேர எண் தீர, ஜப்பானில் ஏறக்குறைய 160 நொடி ஆகும். 50 பட டிவியில் அதே எண் தீர 192 நொடி.

ஐரோப்பாவில் விற்ற மாரியோவுக்கு நின்டென்டோவே வேகத்தைத் திருத்திக் கொடுத்தது. நமக்கு வந்த நகல் கேசட்டுக்கு யாரும் அதைச் செய்யவில்லை. ஆக நம் காதில் பதிந்திருக்கும் மாரியோ பாட்டு ஜப்பானியப் பிள்ளைகள் கேட்டதைவிட நிதானமானது. சுருதி கிட்டத்தட்ட அதேதான், தாளம் மட்டும் தளர்ந்திருக்கும்.

ஒலியிலும் ஒரு வேறுபாடு உண்டு. ஃபேமிகாமின் ஒலிப் பகுதி சதுர அலைகளை 12.5, 25, 50 சதவீதம் என்று வெவ்வேறு அகலத்தில் தரும். அகலம் மாறினால் குரலின் தன்மை மாறும். 25 சதவீதம் மூக்கால் பாடுவது போலவும், 50 சதவீதம் உருண்டையாகவும் ஒலிக்கும். தைவானின் யூஎம்சி நிறுவனம் செய்த நகல் சிப்புகள் பலவற்றில் 25ம் 50ம் இடம் மாறியிருக்கின்றன. அதே மெட்டு, வேறு வாத்தியம். பல வருஷம் கழித்து யூடியூபில் ஒரிஜினல் கான்ட்ரா இசையைக் கேட்டு, 'இது ஏதோ வேற மாதிரி இருக்கே' என்று நினைத்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

ஒரிஜினல் ஃபேமிகாம்

சிவப்பும் வெள்ளையுமான அந்தப் பெட்டி கையில் எடுத்துப் பார்க்கவே அழகு. இரண்டு கன்ட்ரோலரும் பெட்டியோடு பிணைந்தே வரும், இரண்டாவதில் ஒரு மைக்கும் இருக்கும். நம் பழைய கேசட்டைப் போல இதற்கும் 60 பின் கேசட்தான். அமெரிக்காவில் ஃபேமிகாம் என்இஎஸ் என்ற பெயரில் விற்றது, அதன் கேசட் 72 பின் கொண்டது, அது இதில் ஏறாது.

இங்கே கொண்டுவந்து ஓட்டுவதில்தான் சிக்கல்கள். அதன் அடாப்டர் 100 வோல்ட் மின்சாரத்துக்கானது, நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் புகைதான் வரும். 1983 பெட்டியில் ஆன்டெனா வழி மட்டுமே படம் வரும். அது ஜப்பானின் 1, 2 சேனல்களில் வருவதால் நம் டிவியில் டியூன் ஆகாது. உள்ளே திறந்து ஏவி வெளியீடு வைக்க வேண்டும், இல்லையென்றால் 1993 டிசம்பரில் ஏவி வெளியீட்டோடு வந்த பிந்தைய மாடலைத் தேட வேண்டும். அப்புறம் டிவிக்கு என்டிஎஸ்சி (ஜப்பான், அமெரிக்க டிவி முறை) தெரிந்திருக்க வேண்டும். தெரியாத பழைய டிவி கறுப்பு வெள்ளையில் காட்டும், படம் உருளவும் செய்யும்.

இவ்வளவையும் தாண்டி வந்தால் கிடைப்பது என்ன? 60 பட வேகம். டேங்க் விறுவிறு என்று நகரும், மாரியோ குதிப்பது கூர்மையாக இருக்கும். ஜப்பானியக் கான்ட்ராவில் அமெரிக்கப் பதிப்பில் இல்லாத காட்சிகள் வேறு உண்டு: காட்டில் மர இலைகள் அசையும், பனிக் கட்டத்தில் பனி பெய்யும், கட்டங்களுக்கு நடுவே வரைபடம் காட்டும். எனக்கு இது நினைவைத் திருப்பித் தரும் பெட்டி அல்ல, நாம் ஆடியதன் மூலப் பிரதியைப் படிக்கும் இடம். அந்த ஆர்வம் இருந்தால் செலவு வீண் போகாது. 'சின்ன வயசு ஞாபகம் வேணும்' என்பவர் இதில் தொடங்க வேண்டாம்.

கேசட் சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே ஊதுவதை விட்டுவிடுங்கள். எச்சிலின் ஈரம் செம்புப் பட்டைகளை அரிக்கும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, பட்டை நீளவாக்கில் துடைத்து, நன்றாகக் காயவிட்டுச் செருகினால் போதும். விளையாட்டைச் சேமிக்கும் கேசட்டுகளில் உள்ளே ஒரு வட்ட பேட்டரி பற்றவைத்திருக்கும். அது தீர்ந்தால் ஆட்டம் ஓடும், சேமிப்பு நிற்காது. 2021 ஜூலையில் பிரிக்கப்படாத சூப்பர் மாரியோ 64 ஒன்று அமெரிக்க ஏலத்தில் 15.6 லட்சம் டாலருக்குப் போனது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மதிப்புப் பார்க்கும் அந்தச் சந்தை வேறு, ஆடுவதற்காகச் சேர்ப்பது வேறு. லட்சக்கணக்கில் விற்ற சாதாரண ஜப்பானியக் கேசட்டுகளுக்கு அந்த விலையெல்லாம் இல்லை.

நகல் பெட்டி

பரணில் பழையது கிடந்தால் அதைவிட நெருக்கமானது எதுவும் இல்லை. வேகம் அதேதான், ஒலியும் அதேதான். பெரும்பாலும் பழுதாவது அடாப்டரும், கன்ட்ரோலர் பட்டனுக்கு அடியில் இருக்கும் ரப்பரும்தான். ரப்பரின் கறுப்புப் புள்ளியையும் அதற்கு நேராக போர்டில் இருக்கும் தடத்தையும் துடைத்தாலே பல கன்ட்ரோலர்கள் பிழைத்துவிடும்.

சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் இப்போது விற்கும் '620 இன் 1' வகைப் பெட்டிகள் வேறு கதை. கேசட் போட இடம் இல்லை, ஒலி பல ஆட்டங்களில் கரகரக்கும், கன்ட்ரோலர் கைக்கு லேசாக, காலியாக இருக்கும். எச்டிஎம்ஐ குச்சி வடிவில் வயர்லெஸ் கன்ட்ரோலரோடு வருவதில் பட்டனை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் மாரியோ குதிப்பார். பிள்ளைகளுக்கு விலை குறைவாக ஒன்று வேண்டுமென்றால் சரி. நினைவைத் தேடுபவர் ஏமாந்துபோவார்.

மினி

நின்டென்டோவே 2016 நவம்பரில் 60 டாலருக்குக் கொண்டுவந்த என்இஎஸ் கிளாசிக்கில் 30 ஆட்டங்கள். படம் சுத்தம், உருவம் கச்சிதம், சட்டச் சிக்கல் இல்லை. 2017 ஏப்ரலில் நிறுத்தி, 2018ல் மறுபடி கொஞ்ச நாள் விற்றார்கள். நமக்கு அதில் இருக்கும் குறை எளிமையானது: கான்ட்ரா இல்லை (அதற்கடுத்த சூப்பர் சி மட்டும் உண்டு), டேங்க் இல்லை, சர்க்கஸ் இல்லை, வாத்தும் இல்லை. அமெரிக்க வீட்டின் நினைவுக்காகத் தேர்ந்தெடுத்த பட்டியல் அது. எனவே இதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

எமுலேட்டர்

நாம் ஆடிய பெட்டியை மிகத் துல்லியமாகத் திரும்பக் கொண்டுவருவது ஒரிஜினல் நின்டென்டோ பொருள் எதுவும் அல்ல, பழைய பெட்டி செய்வதைக் கணினியில் அப்படியே செய்துகாட்டும் எமுலேட்டர் என்ற இலவச மென்பொருள்தான். நம் வகை நகல் பெட்டிகள் ரஷ்யாவில் டெண்டி என்ற பெயரில் விற்றன. அதனால் எமுலேட்டர் எழுதுபவர்கள் 50 பட நகல் பெட்டி முறைக்கே டெண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். மெசென், எஃப்சிஇயூஎக்ஸ் என்ற இரண்டு எமுலேட்டர்களிலும் பகுதி (ரீஜன்) தேர்வில் டெண்டி என்று ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் வேகம் தளரும். ஒலி அமைப்பில் சதுர அலை அகலத்தை மாற்றிப்போடும் தேர்வையும் போட்டுவிட்டுக் கான்ட்ராவைத் தொடங்கிப் பாருங்கள். முதல் நான்கு சுரத்திலேயே தெரிந்துவிடும். இந்த இரண்டு தேர்வையும் தொடாமல் எமுலேட்டரைக் குறை சொல்பவர்கள் அதிகம்.

மல்டி கேசட்டுகளின் பிரதிகளும் அப்படியே, அதே மெனுவோடு ஓடும். அந்த மெனுவைப் பார்க்கவே ஒரு மாலை நேரம் போய்விடும்.

கைக்கடக்கமாக வேண்டுமென்றால் ஆன்பெர்னிக், மியூ மினி போன்ற சீனக் கருவிகள் இதே எமுலேட்டர்களைத்தான் ஓட்டுகின்றன. பஸ் பயணத்துக்கு அருமையானவை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாம் கன்ட்ரோலரைப் பிடிக்கும் ஆள் அதில் இல்லாமல் போகிறார். எனக்குக் கான்ட்ரா என்றால் இரண்டு பேர்தான். கூடவே வரும் மெமரி கார்டு பெரும்பாலும் மட்டமானது, முதல் வேலையாக மாற்றிவிடுங்கள்.

உரிமை விஷயம் நேரடியானது. ஆட்டங்களின் காப்புரிமை இன்றும் நிறுவனங்களிடம்தான் இருக்கிறது. கான்ட்ராவுக்குக் கொனாமியின் 2019 தொகுப்பும், டேங்கின் ஒரிஜினலான பேட்டில் சிட்டிக்கு நாம்கோவின் 2020 தொகுப்பும் விலைக்கு இருக்கின்றன, முடிந்தவர்கள் வாங்கலாம். எல்லாவற்றுக்கும் இப்படி வழி இல்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் விற்பனையிலேயே இல்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023ல் கணக்கெடுத்துச் சொன்னது. அவை இன்னும் உயிரோடு இருப்பதற்குப் பிரதி எடுத்து வைத்தவர்களும் எமுலேட்டர் எழுதியவர்களும்தான் காரணம். அவர்களுக்கு நான் கடன்பட்டவன்.

எஃப்பிஜிஏ

மிஸ்டர் என்ற திட்டம் 2017 முதல் வளர்ந்துவருகிறது. பழைய சிப்பின் சுற்றமைப்பையே எஃப்பிஜிஏ என்ற ஒரு மாற்றியமைக்கும் சிப்புக்குள் உருவாக்குகிறார்கள். பட்டனுக்கும் திரைக்கும் நடுவே தாமதம் ஏறக்குறைய இருக்காது. டெண்டி முறையும் உண்டு, பழைய டிவிக்கு நேராகப் படம் அனுப்பவும் முடியும். ஃபேமிகாமோடு சேகா, அமிகா, ஆர்கேட் எல்லாம் வேண்டும் என்பவருக்கு இதுதான் சரியான செலவு. டேங்கும் மாரியோவும் மட்டும் போதும் என்றால் தேவையில்லை.

பணத்தை எங்கே போடுவது

டிவியில். எந்தப் பெட்டியை எடுத்தாலும், எல்இடி டிவியில் 256 க்கு 240 புள்ளிப் படம் கட்டம் கட்டமாக வெட்டித் தெரியும். கேம் மோட் போடாவிட்டால் தாமதமும் சேரும்.

வாத்து சுடும் ஆட்டத்தைப் பாருங்கள். துப்பாக்கியிலிருந்து ஒன்றும் வெளியே போவதில்லை, அதன் முனையில் இருப்பது ஒளியை உணரும் ஒரு சின்னப் பொருள். குதிரையை இழுத்ததும் ஒரு படம் முழுக்கக் கறுப்பாகும். அடுத்த படத்தில் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். அந்தக் கண நேரத்தில் துப்பாக்கி வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து விழும். எல்இடி டிவி படத்தைச் சில படங்கள் தாமதமாகக் காட்டுவதால், வெள்ளைக் கட்டம் வரும்போது ஆட்டம் கேட்டு முடித்திருக்கும். பிக்சர் டியூப் டிவி இல்லாமல் அந்தப் பழைய துப்பாக்கி வேலை செய்யாது.

தமிழ்நாட்டில் இருப்பவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. 2006க்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குல இலவசக் கலர் டிவிகள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். காயலான் கடையிலும் சொந்தக்காரர் வீட்டுப் பரணிலும் இன்னும் இருக்கின்றன. ஏவி உள்ளீடு இருக்கிறதா, படம் ஓரங்களில் வளைகிறதா, ஒரு மூலையில் நிறம் பச்சையாகவோ ஊதாவாகவோ திரிகிறதா என்று கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். பின்பக்க மூடியை மட்டும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளை அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

பரணில் பழைய நகல் பெட்டி இருந்தால் அதை இந்த டிவியில் இணைத்தால் முடிந்தது. இல்லாதவருக்கு நான் சொல்வது: ஒரு ராஸ்பெர்ரி பை 3 (கையடக்கச் சின்னக் கணினி), ஒரு ஏவி கேபிள், நல்ல யூஎஸ்பி கன்ட்ரோலர் இரண்டு, டெண்டி அமைப்பில் எமுலேட்டர். ராஸ்பெர்ரி பையின் வீடியோ அமைப்பில் பால் ப்ரோகிரசிவ் தேர்ந்தெடுத்தால் 50 படமும் கோடு துடிக்காமல் வரும். கடையில் கிடைக்கும் கேம்கார்டர் வகைக் கேபிளில் முனை வரிசை மாறியிருக்கும். மஞ்சளைச் செருகிப் படம் வரவில்லையென்றால் அதே மஞ்சள் ஓட்டையில் சிவப்பைச் செருகிப் பாருங்கள், வந்துவிடும்.