படலப் பெரணிக்கு 21 மி.மீ. மடக்கு லென்ஸ்: வாங்கலாமா?

டர்பன் கடைகளில் 21 மி.மீ. விட்டமுள்ள மடக்கு லென்ஸின் கூட்டில் '30 மடங்கு' என்று அச்சிட்டிருக்கும். நம்பாதீர்கள். ஸ்கேலை வைத்துத் தெளிவு வரும் தூரத்தை அளந்து, 250-ஐ (வெறுங்கண் வசதியாகப் பார்க்கும் தூரம், மி.மீ.இல்) அதால் வகுங்கள். 25 மி.மீ. வந்தால் அது 10 மடங்குதான். நிஜமான 30 மடங்கு என்றால் ஏறக்குறைய 8 மி.மீ.க்கு நெருங்கியாக வேண்டும். கண்ணாடி பெரணியிலேயே இடிக்கும்.

ஆனால் இலை படலம்போல் மெல்லியதான படலப் பெரணிக்கு 10 மடங்கே சரி. கேப் டவுனின் டேபிள் மலையில் ஈரப் பாறைகளில் ஒட்டிக்கிடக்கும் ஹைமனோஃபில்லம் டன்பிரிஜென்ஸ் என்ற படலப் பெரணியை வைத்துப் பாருங்கள். சில சென்டிமீட்டர் இலை. பாசி என்று தாண்டிப் போய்விடுவோம். இலையை வானத்துக்கு எதிராகப் பிடித்தால் ஒளி ஊடுருவும், ஏனெனில் நரம்பு தவிர மற்ற இடமெல்லாம் ஒரே செல் அடுக்கு. ஓரத்துச் சிறு பற்கள் தெரியும். வித்து உறை (பெரணியின் நுண்வித்துகளை மூடியிருப்பது) சிப்பிபோல் இரண்டு இதழாகத் திறந்திருக்கும், இதழ் விளிம்பிலும் பற்கள். உறை குழலாக இருந்து நடுவில் முள்போல நீட்டியிருந்தால் அது டிரைக்கோமேனிஸ் என்ற உறவுப் பேரினத்தின் பக்கம், கிரெப்பிடோமேனிஸ் போன்றவை. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-இல் டன்பிரிஜென்ஸையும் டிரைக்கோமேனிஸில்தான் சேர்த்தார். இங்கிலாந்துத் தாவரவியலாளர் ஸ்மித் 1793-இல் ஹைமனோஃபில்லத்தைத் தனிப் பேரினமாக்கினார். டன்பிரிஜென்ஸ் என்ற பெயர் வந்தது இங்கிலாந்தின் டன்பிரிஜ் வெல்ஸிலிருந்து. மேற்கு ஐரோப்பா, அசோர்ஸ், மதேரா, தென்னாப்பிரிக்கா என்று விட்டுவிட்டுப் பரவியிருக்கிறது.

காய்ந்து சுருண்டிருந்தால் நான்கைந்து சொட்டு மழைநீர் விட்டுச் சில நிமிடம் பொறுங்கள், விரியும். காய்ந்த இலையை விரலால் பிரித்தால் நொறுங்கும். பறிக்க வேண்டாம், தேசியப் பூங்காவில் அனுமதியில்லாமல் பறிப்பது குற்றம். அதனால்தான் குனிந்து பார்க்க லென்ஸ்.

எல்.இ.டி. உள்ள மாடலுக்குக் கூடுதல் காசு வீண். முன்னாலிருந்து விழும் ஒளி ஈர இலையில் பளிச்சென்று எதிரொளித்துப் பற்களையே மறைத்துவிடும். இன்னொரு தொல்லை, குளிர்ந்த உலோகத்தில் மூச்சு படிந்து கண்ணாடி மங்குவது. பள்ளத்தாக்கில் இறங்குமுன் சட்டைப்பையில் வைத்துச் சூடாக்குங்கள்.

மலிவு மாடல்களில் ஓரம் வானவில்லாகக் கசியும். மூன்று கண்ணாடி ஒட்டிய 'ட்ரிப்ளெட்' என்று கேட்டு வாங்குங்கள். கீல் திருகு தளர்ந்தால் மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூடிரைவர் போதும்.